கௌபாய் படத்தில் பிழை பிடிப்பது எப்படி: தொப்பியிலிருந்து தண்டவாளம் வரை

1862-இல் நியூ மெக்சிகோவில் ரயில் கிடையாது. அங்கே தண்டவாளம் 1870-களின் கடைசியில்தான் ராட்டன் கணவாய் வழியாக வந்து சேர்ந்தது. ஆனால் அந்த வருஷம் அங்கே நடக்கும் கதையான, இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தில் டூக்கோ என்ற கொள்ளைக்காரனை விலங்கு மாட்டி ரயிலில்தான் ஏற்றுகிறார்கள். ஓடும் ரயிலிலிருந்து காவலாளியையும் இழுத்துக்கொண்டு அவன் குதிக்கிறான். அடுத்து வரும் ரயிலின் சக்கரத்தைக் கொண்டே விலங்குச் சங்கிலியை அறுத்துக்கொள்கிறான். இந்தக் காட்சியைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். ‘இந்த ஊருக்கு ஏது ரயில்?’ என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. தோன்றவிடாமல் செய்ததில்தான் லியோனியின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

இப்படிப்பட்டவற்றைத் தேடிப் பிடிப்பது நல்ல பொழுதுபோக்கு. சரியாகச் செய்தால் படத்தின் மேல் மதிப்பு கூடும், அரைகுறையாகச் செய்தால் நாம்தான் அசடு வழிவோம். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது. ஒரு கௌபாய் படத்தை எடுத்துக்கொண்டு அதை எப்படிச் சல்லடை போடுவது என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பெரும்பாலான உதாரணங்கள் இந்த லியோனி படத்திலிருந்தே வரும். தேவைப்படும்போது வேறு சில படங்களுக்கும் போய்விட்டு வருவோம்.

படி 1: முதல் தடவை நோட்டு வேண்டாம்

படத்தை முதலில் படமாகப் பாருங்கள். குறிப்பு எடுக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். அப்போதே ஏதாவது கண்ணை உறுத்தினால் அது பெரிய பிழை. உறுத்தாமல் போய், நாலாவது தடவை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தும்போது மட்டும் தெரிந்தால் அது சின்னப் பிழை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள முதல் பார்வை தேவை. அதைக் கெடுத்துக்கொண்டால் எல்லாப் பிழையும் ஒரே எடையில் தெரிய ஆரம்பிக்கும்.

படி 2: கதை எந்த ஊரில், எந்த வருஷம் நடக்கிறது?

இதைத் தீர்மானிக்காமல் ‘அந்தக் காலத்தில் இது கிடையாது’ என்று பேச முடியாது. படமே வருஷத்தைச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சொல்லாவிட்டால் கதைக்குள் தேட வேண்டும்: கல்லறைக் கல், செய்தித்தாள், கடிதத்தின் தேதி, பேச்சில் வரும் தளபதிகளின் பெயர்.

லியோனி படம் வருஷத்தை நேரடியாகச் சொல்வதில்லை. ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படை பின்வாங்குவதையும், அதன் தளபதி ஜெனரல் சிப்லி வண்டியில் போவதையும் காட்டுகிறது. அது போதும். ஹென்றி சிப்லி டெக்ஸாஸிலிருந்து படை திரட்டிக்கொண்டு நியூ மெக்சிகோவுக்குள் வந்தது 1862-இன் தொடக்கத்தில். பிப்ரவரி 21-இல் வால்வெர்டேவில் சண்டை. மார்ச் 26 முதல் 28 வரை குளோரியட்டா கணவாயில் சண்டை. அங்கே உணவு வண்டிகளைப் பறிகொடுத்த பிறகு வந்த வழியே திரும்பினார்கள். ஆக, கதை நடப்பது 1862 வசந்த காலம். இந்த ஒரு வரியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். இனி எல்லாவற்றையும் உரசிப் பார்க்கப் போவது இந்தக் கல்லில்தான்.

படி 3: கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

பலர் தாண்டிப் போகும் படி இது. கதையில் ஓட்டை என்று நினைப்பதில் பாதி வெட்டியதால் வந்த ஓட்டையாக இருக்கும்.

இந்தப் படம் 1966 டிசம்பரில் இத்தாலியில் வெளியானபோது ஏறக்குறைய 175 நிமிடம் ஓடியது. அமெரிக்காவுக்குப் போனபோது அதை 161 நிமிடமாகக் குறைத்தார்கள். அந்தச் சின்னப் பதிப்பில், ஹோட்டல் அறையில் இருக்கும் நாயகன் பிளாண்டியைக் கொல்ல மூன்று பேர் படியேறி வருகிறார்கள். யார் அவர்கள், டூக்கோவுக்கு எப்படிக் கிடைத்தார்கள் என்று ஒரு விளக்கமும் இல்லை. ரொம்ப நாள் இதைத் திரைக்கதைப் பிழையாகவே நினைத்திருந்தேன். 2003-இல் மீட்டெடுத்த பதிப்பைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டூக்கோ ஒரு குகைக்குப் போய், கையில் கோழியோடு உட்கார்ந்து தனக்குத்தானே பேசுகிற மாதிரி பேசி, ஒளிந்திருக்கும் பழைய கூட்டாளிகளை வெளியே வரவைக்கும் காட்சி ஒன்று இருந்திருக்கிறது. அது வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

அதே மீட்டெடுத்த பதிப்பில் புதிதாக ஒரு கோளாறும் சேர்ந்துகொண்டது. வெட்டிய காட்சிகளுக்கு ஆங்கில டப்பிங் இல்லாததால், பிளாண்டியாக நடித்த கிளின்ட் ஈஸ்ட்வுட்டையும் டூக்கோவாக நடித்த ஈலை வாலக்கையும் கூப்பிட்டு மறுபடி பேசவைத்தார்கள். ஈஸ்ட்வுட்டுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது, வாலக்குக்கு எண்பத்தேழு. வில்லனாக நடித்த லீ வான் கிளீஃப் 1989-லேயே காலமாகிவிட்டதால் அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். அதனால் சில காட்சிகளில் குரல் திடீரென்று கிழடுதட்டும். அதைப் படத்தின் தொடர்ச்சிப் பிழையாக எழுதிவிடாதீர்கள்.

உதட்டசைவும் வசனமும் ஒட்டாததையும் அப்படியே விட்டுவிடுங்கள். அந்தக் கால இத்தாலியப் படங்களில் ஒவ்வொரு நடிகரும் அவரவர் மொழியில் பேசுவார். ஒலி முழுவதும் பின்னால் ஸ்டூடியோவில் சேர்ப்பதுதான். அது அவர்களுடைய வேலை முறை.

படி 4: தொடர்ச்சியைப் பிடிக்க ஒலியை அணைக்கவும்

சினிமாக்காரர்கள் ‘கன்டினியூட்டி’ என்பார்கள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் கதையில் அரை நொடிகூடப் போயிருக்காது. ஆனால் எடுத்தவர்களுக்கு நடுவில் மதியச் சாப்பாடு போயிருக்கும். சில சமயம் ஒரு வாரம்கூடப் போயிருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே பேசும் காட்சி என்றால், முதலில் ஒருவர் முகத்துக்கான ஷாட் எல்லாவற்றையும் எடுத்து முடிப்பார்கள். அப்புறம்தான் கேமராவையும் லைட்டையும் திருப்பி மற்றவருக்குப் போவார்கள். திரையில் மாறி மாறி வரும் இரண்டு முகங்களில் ஒன்று காலையில் எடுத்தது, இன்னொன்று சாயங்காலம் எடுத்தது. நடுவில் என்னென்ன மாறியது என்று நோட்டும் போட்டோவுமாகக் கண்காணிக்க ஒருவர் இருப்பார். அவர் கண்ணில் படாமல் தப்பியதைத்தான் நாம் தேடுகிறோம்.

ஒலி இருந்தால் கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். லியோனி படத்தில் எனியோ மோரிக்கோனியின் இசை வேறு. ஆகவே ஒலியை அணையுங்கள். ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் கவனியுங்கள். முதல் ஓட்டத்தில் தொப்பி, அடுத்ததில் சுருட்டு. எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பார்க்க நினைத்தால் ஒன்றும் சிக்காது.

கௌபாய் படங்களில் அதிகம் மாட்டுவது நிழல்தான். படப்பிடிப்பு வெட்ட வெளியில், சூரியன் நிற்காது. ஒருவர் முகத்தில் மூக்கின் நிழல் இடப்பக்கம் விழுந்து, எதிரில் நிற்பவர் முகத்திலும் அதே இடப்பக்கம் விழுந்தால் கணக்கு இடிக்கிறது. எதிரெதிரே நிற்பவர்களுக்கு நிழல் எதிரெதிராகத்தானே விழ வேண்டும்? நிழலின் நீளத்தையும் பாருங்கள். உச்சி வெயில் சண்டையில் ஆளைவிட நீளமான நிழல் விழுந்தால், அது எந்த நேரத்தில் எடுத்த ஷாட் என்று சொல்லவே வேண்டாம்.

அடுத்து சுருட்டு, கண்ணாடிக் கோப்பையில் உள்ள சாராயத்தின் அளவு, மெழுகுவர்த்தி. மூன்றும் ஒரே திசையில் குறைந்துகொண்டே போகிற பொருள்கள், அதனால் திரும்ப வளர்ந்தால் உடனே தெரிந்துவிடும். தூசியும் அப்படித்தான். நாள் முழுக்கக் குதிரையில் வந்தவன் கோட்டு கடைத்தெருவில் வாங்கின மாதிரி பளிச்சென்றிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். காயத்துக்குப் பக்கமும் இடமும் உண்டு: இடது கண்ணுக்கு மேல் பட்ட அடி வலது பக்கம் போகக் கூடாது. சில சமயம் எடிட்டிங்கில் ஷாட்டையே இடவலமாகத் திருப்பிவிடுவார்கள், பார்வைத் திசை பொருந்துவதற்காக. அப்போது துப்பாக்கி உறை இடுப்பின் மறுபக்கம் போயிருக்கும், சட்டைப் பொத்தான்களும் பக்கம் மாறியிருக்கும். கடைப் பலகையில் எழுத்து இருந்தால் திருப்பியதை மறைக்கவே முடியாது.

குண்டு எண்ணுவது எல்லோருக்கும் பிடித்த விளையாட்டு. ஆறு குண்டுத் துப்பாக்கியில் ஏழாவது வெடித்தால் பிழை. ஆனால் ஒரு நிபந்தனை: நடுவில் கேமரா வேறு ஆளிடம் போயிருக்கக் கூடாது. போயிருந்தால் அந்த நேரத்தில் அவன் குண்டு நிரப்பியிருக்கலாம் என்று எதிர்க்கட்சி வாதாடும். வாதம் நியாயமானதும்கூட. ஒரு உபரித் தகவல்: 1873 கோல்ட் ரிவால்வர் வைத்திருந்தவர்களில் பலர் ஐந்து குண்டுதான் போட்டுக்கொள்வார்கள். சுத்தியல் வெற்று அறைமேல் இருந்தால்தான் தவறி விழுந்தாலும் வெடிக்காது.

இந்தப் படிக்கு நல்ல பயிற்சிப் படம், ஃபிரெட் ஸின்னமான் இயக்கிய ‘ஹை நூன்’ (1952). மதியம் 12 மணி ரயிலில் வில்லன் வருகிறான். படம் 85 நிமிடம்தான், கதையும் கிட்டத்தட்ட அதே அளவு நேரத்தில் நடக்கிறது. சுவர்க் கடிகாரங்களை அடிக்கடி காட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு கடிகாரமும் திரையில் வரும்போது அது காட்டும் மணியை ஒரு பத்தியிலும், உங்கள் பிளேயர் காட்டும் நிமிடத்தை இன்னொரு பத்தியிலும் எழுதிக்கொண்டே வாருங்கள். எங்கே கடிகாரம் படத்தை முந்துகிறது, எங்கே பின்தங்குகிறது என்று அரை மணியில் தெளிவாகிவிடும். பதற்றம் ஏற வேண்டிய இடத்தில் நேரத்தை எப்படி இழுத்திருக்கிறார்கள் என்பதும் கூடவே புரியும். இது பிழையா, வித்தையா? என்னைக் கேட்டால் வித்தை.

படி 5: துப்பாக்கி

கௌபாய் படப் பிழைகளின் சுரங்கம் இது. கொஞ்சம் நின்று தோண்டலாம்.

முதலில் மூன்று வருஷங்களை மனப்பாடம் செய்யுங்கள். திரையில் நாம் அதிகம் பார்க்கும் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர், ‘பீஸ்மேக்கர்’ என்று சொல்வார்களே, அது 1873. பக்கவாட்டில் குண்டு திணிக்கும் பித்தளை உடம்புள்ள வின்செஸ்டர் 1866. நடிகர் ஜான் வேய்ன் ஒரு கையால் சுழற்றும் பெரிய வளையம் வைத்த வின்செஸ்டர் 1892. இந்த மூன்றை வைத்தே பழைய ஹாலிவுட் படங்களில் பாதியைக் கவிழ்த்துவிடலாம். ‘தி சர்ச்சர்ஸ்’ 1868-இல் தொடங்குகிறது, ஆனால் இடுப்பில் 1873 கோல்ட். ‘ஸ்டேஜ்கோச்’ அபாச்சேக்களோடு போர் நடந்த 1880-களின் கதை, வேய்ன் கையில் 1892.

இதை அறியாமை என்று நினைத்தால் தவறு, காரணம் வேறு. சினிமாவுக்கென்று ஒரு வெற்றுத் தோட்டா செய்தார்கள், ‘ஃபைவ் இன் ஒன்’ என்று பெயர். .45 கோல்ட் ரிவால்வர், .44-40, .38-40 ரிவால்வர்களும் ரைஃபிள்களும் என்று ஐந்து விதத் துப்பாக்கிக்கும் அது ஒன்றே பொருந்தும். படப்பிடிப்பில் நூறு பேருக்குத் துப்பாக்கி கொடுத்து, ஆளுக்கொரு வகைத் தோட்டா தேடிக்கொண்டிருப்பதைவிட, எல்லோருக்கும் 1873 கோல்ட்டும் 1892 வின்செஸ்டரும் கொடுத்து ஒரே பெட்டியிலிருந்து அள்ளிப் போடுவது எத்தனை சௌகரியம்! இரண்டும் அன்று மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தன. சரித்திரம் தோற்றது வசதியிடம்தான்.

இப்போது லியோனி படத்துக்கு வருவோம். பிளாண்டி வைத்திருப்பது 1851 கோல்ட் நேவி. கதை 1862, ஆக மாடல் சரி. கைப்பிடியில் பாம்பு பதித்தது படத்தின் அலங்காரம், அதில் தகராறு இல்லை. பிழை உள்ளே இருக்கிறது. அசல் 1851-இல் ஒவ்வொரு அறைக்கும் மருந்து கொட்டி, ஈயக்குண்டை அழுத்தி, பின்பக்கம் சின்னத் தொப்பி போன்ற ஒரு வெடியைச் செருக வேண்டும். ஆறு அறைக்கும் செய்து முடிக்க நிமிடக்கணக்கில் ஆகும். படத்தில் வருபவை உலோகத் தோட்டா போடும்படி மாற்றியவை. டூக்கோ பாலைவனத்திலிருந்து வந்து துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்து, பல ரிவால்வர்களைக் கழற்றி, ஒவ்வொரு உருளையையும் காதருகே சுழற்றிக் கேட்டு, தனக்கென்று ஒன்றைப் பூட்டுகிறானே, அதிலும் கடைசியில் கேட்பது தோட்டாதான்.

இங்கேதான் அரைகுறைகள் விழும் குழி. ‘1862-இல் உலோகத் தோட்டாவே கிடையாது’ என்று எழுதிவிடுவார்கள். இருந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1857-லேயே உலோகத் தோட்டா போடும் சின்ன .22 ரிவால்வர் விற்றார்கள். 1860 ஹென்றி ரைஃபிள் .44 உலோகத் தோட்டாவில்தான் சுட்டது. இல்லாதது, தோட்டா போடும் கோல்ட்தான். உருளையை முன்னும் பின்னும் திறந்திருக்கும்படி துளைக்கும் உரிமை ரோலின் வைட் என்பவரின் காப்புரிமையில் இருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர்கள் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். 1869-இல் காப்புரிமை முடியும் வரை கோல்ட் நிறுவனத்தால் அதைத் தொட முடியவில்லை. பழைய ரிவால்வர்களைத் தோட்டாவுக்கு மாற்றும் வேலையை அவர்கள் 1870-களின் தொடக்கத்தில்தான் பெரிய அளவில் செய்தார்கள். ஆகச் சரியாக எழுத வேண்டியது: ‘தோட்டாவுக்கு மாற்றிய கோல்ட் நேவி, கதைக்கு ஏறக்குறைய பத்து வருஷம் பிந்தியது.’ இப்படி எழுதினால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

டூக்கோவைக் காப்பாற்ற அவன் கழுத்தில் மாட்டிய தூக்குக் கயிற்றைப் பிளாண்டி சுடும் ரைஃபிள் இன்னும் வேடிக்கை. அது ஹென்றி 1860 மாதிரி தெரிய வேண்டும் என்று 1866 வின்செஸ்டரின் முன்பக்க மரப்பிடியைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஹென்றிதான். கிட்டப் போனால் உடம்பின் வலப்பக்கம் குண்டு திணிக்கும் வாய் காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் ஹென்றிக்கு அது கிடையாது. இந்தப் பிழையை மிகவும் ரசிக்கிறேன். தெரியாமல் செய்தவர்கள் மரத்தைக் கழற்ற மாட்டார்கள். எது சரி என்று தெரிந்து, அது கையில் கிடைக்காமல், இருப்பதை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

படி 6: வெடி, கம்பி, கொடி, தங்கம்

மற்ற பொருள்களுக்கு ஒரு சின்ன வருஷப் பட்டியலைப் பையில் வைத்துக்கொண்டால் போதும். டைனமைட்டுக்கு ஆல்ஃபிரட் நோபெல் காப்புரிமை வாங்கியது 1867. அதற்கு முந்தைய கதையில் குச்சி குச்சியாகக் கட்டிய வெடி வந்தால் பிழை. பிளாண்டியும் டூக்கோவும் பாலத்தைத் தகர்ப்பது இந்தக் கணக்கில் மாட்டுகிறது. ‘ஜாங்கோ அன்செயின்ட்’ 1858-இல் நடக்கிறது, அதிலும் டைனமைட். அந்தப் படம் தொடக்க எழுத்திலேயே 1858-ஐ ‘உள்நாட்டுப் போருக்கு இரண்டு வருஷம் முன்பு’ என்கிறது. போர் தொடங்கியது 1861 ஏப்ரலில்.

முள்கம்பி என்றால் 1874, ஜோசப் கிளிடனின் காப்புரிமை. கையால் சுற்றிச் சுடும் கேட்லிங் துப்பாக்கிக்கு 1862 நவம்பர். கண்டம் தாண்டிய தந்தி 1861 அக்டோபர், கண்டம் தாண்டிய ரயில் 1869 மே 10. அமெரிக்கா முழுக்க ஒரே ரயில்வே நேர ஒழுங்கு வந்தது 1883 நவம்பரில். அதற்கு முன் ஊருக்கு ஊர் கடிகாரம் வேறு.

கொடியில் நட்சத்திரத்தை எண்ணுங்கள். 1861 ஜூலையிலிருந்து 1863 ஜூலை வரை 34, அடுத்த இரண்டு வருஷம் 35. வரிசைக்கு எட்டாக ஆறு வரிசையில் அடுக்கிய 48 நட்சத்திரக் கொடி 1912-க்குப் பிந்தியது, பழைய ஸ்டூடியோக் கிடங்குகளில் அதுதான் குவிந்து கிடந்தது.

தங்கத்தை எடைபோட மறக்காதீர்கள். இதைச் செய்பவர்கள் குறைவு. லியோனி படத்தில் மூவரும் தேடிப்போகும் கல்லறையில் இருப்பது இரண்டு லட்சம் டாலர், தங்க நாணயமாக. அன்றைய அமெரிக்கத் தங்க நாணயத்தில் ஒரு டாலருக்கு 1.672 கிராம். எந்த மதிப்புள்ள நாணயமாக இருந்தாலும் விகிதம் இதுதான். பெருக்கினால் 334 கிலோ. பாதிப் பங்கை எடுத்துக்கொண்டு பிளாண்டி குதிரையில் போகிறான்: 167 கிலோ தங்கம், மேலே ஆறடி நாலங்குல ஆள், சேணம், துப்பாக்கி. சாதாரணக் குதிரை சிரமமில்லாமல் சுமப்பது நூறு கிலோவுக்குச் சற்று முன்பின். பாவம் அந்தக் குதிரை, தூரத்தில் புள்ளியாகும் வரை ஓடுகிறது.

படி 7: மண்ணையும் செடியையும் கேளுங்கள்

கையைத் தூக்கி நிற்கும் ஆள் போன்ற சாகுவாரோ கள்ளி அரிசோனாவின் தென்பகுதியிலும் மெக்சிகோவின் சொனோரா பக்கமும்தான் வளரும், கலிஃபோர்னியாவில் ஓரமாகக் கொஞ்சம். டெக்ஸாஸ் கதையில் அது வந்தால் யாரோ நட்டது. ‘தி சர்ச்சர்ஸ்’ கதை டெக்ஸாஸில் நடக்கிறது, ஆனால் பின்னால் நிற்பது அரிசோனா–யூட்டா எல்லையின் மானுமென்ட் வேலி பாறைகள். அதை இயக்கிய ஜான் ஃபோர்டுக்கு அந்தப் பாறைகள் மேல் தீராத மோகம். எந்த ஊர்க் கதை என்றாலும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார்.

வெறிச்சோடிய தெருவில் உருண்டு போகுமே ஒரு காய்ந்த செடிப் பந்து, கௌபாய் படத்தின் முத்திரையே அதுதான். அந்த ரஷ்ய முட்செடி 1870-களில் ஆளி விதையோடு கலந்து தெற்கு டகோட்டாவில் வந்து இறங்கியது. அதற்கு முந்தைய கதைகளில் அது உருள நியாயமில்லை. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எந்தப் படத்தில் அது உருண்டாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

லியோனியின் நியூ மெக்சிகோ முழுக்க ஸ்பெயின். பாலைவனம் அல்மேரியா பக்கத்து டபெர்னாஸ். பாலமும் கல்லறையும் வடக்கே புர்கோஸ் மாகாணத்தில். பாலத்துக்குக் கீழே ஓடுவது அர்லான்ஸா ஆறு. அந்தப் பாலத்தை இரண்டு முறை கட்டினார்கள். வெடி வைத்த ஸ்பெயின் ராணுவ கேப்டன் சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு, கேமராக்கள் ஓடுவதற்கு முன்பே வெடித்துவிட்டார்! ராணுவமே அதைத் திரும்பக் கட்டிக்கொடுத்தது. நாம் பார்ப்பது இரண்டாவது பாலம்.

படி 8: நிஜ மனிதர்கள் வரும் கதை என்றால்

இங்கே சரித்திரப் புத்தகத்தோடு உட்கார வேண்டும். பழகுவதற்கு ஜான் ஃபோர்டின் ‘மை டார்லிங் கிளெமென்டைன்’ (1946) போல இன்னொன்று கிடைக்காது. ஓ.கே. காரல் என்ற குதிரைப் பட்டியின் பெயரால் அழைக்கப்படும் துப்பாக்கிச் சண்டையின் கதை. அந்தச் சண்டையில் சுட்ட வயட் எர்ப்பையே நேரில் சந்தித்து, சண்டை எப்படி நடந்தது என்று கேட்டு, அப்படியே எடுத்ததாக ஃபோர்ட் சொல்லி வந்தார். சரி, பார்ப்போம்.

படத்தில் தம்பி ஜேம்ஸ் எர்ப் பதினெட்டு வயதில் கொலையாகிறான். கல்லறையில் 1882 என்று எழுதியிருக்கிறது. நிஜ ஜேம்ஸ் வயட்டுக்கு அண்ணன், 1926 வரை உயிரோடு இருந்தார். நிஜச் சண்டை நடந்தது 1881 அக்டோபர் 26. படத்தில் ஊர் மார்ஷல், அதாவது காவல் அதிகாரி, வயட், நிஜத்தில் அவர் அண்ணன் வர்ஜில். படத்தில் வர்ஜில் சண்டைக்கு முன்பே சாகிறார், நிஜத்தில் சண்டையில் காயம்பட்டுப் பிழைத்து 1905 வரை வாழ்ந்தார். வில்லன் கிழவர் கிளான்டன் படத்தில் சண்டை முடியும்போது சாகிறார். அசல் ஆள் அதற்கு இரண்டு மாதம் முன்பே வேறிடத்தில் கொல்லப்பட்டுவிட்டார். வயட்டின் நண்பர் டாக் ஹாலிடே படத்தில் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர், சண்டையில் செத்துப்போகிறார். நிஜத்தில் பல் டாக்டர், 1887-இல் காசநோயில் இறந்தார். நிஜச் சண்டை காரலுக்குள்ளேயே நடக்கவில்லை. பின்பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவை ஒட்டிய குறுகலான காலி மனையில் முப்பது நொடி, முப்பது குண்டு, அவ்வளவுதான். சண்டை நடந்த டூம்ஸ்டோன் ஊர் அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது, படத்தில் அதற்குப் பின்னால் நிற்பதோ வடகிழக்கு மூலையின் மானுமென்ட் வேலி.

இத்தனையும் எழுதி முடித்துவிட்டு, படத்தில் ஹென்றி ஃபோண்டா தாழ்வார நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கால்களை மாற்றி மாற்றித் தூணில் உதைக்கும் இடத்தைப் பாருங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

படி 9: மூன்று டப்பாவில் பிரித்துப் போடுங்கள்

பிடித்ததையெல்லாம் ஒரே பட்டியலாக வைக்காதீர்கள். தவறி நடந்தது, வசதிக்காகச் செய்தது, தெரிந்தே செய்தது என்று பிரியுங்கள். நிழலும் சுருட்டும் முதல் டப்பா. துப்பாக்கிகள் பெரும்பாலும் இரண்டாவது.

மூன்றாவதைப் பிரிக்கத்தான் யோசிக்க வேண்டும். லியோனி படத்தின் வடமாநிலச் சிறைமுகாம் காட்சியில் தென்மாநிலத்தின் ஆண்டர்சன்வில் முகாமைப் பற்றிப் பேச்சு வருகிறது. அந்த முகாம் திறந்ததே 1864 பிப்ரவரியில். கதைக்கு இரண்டு வருஷம் பின்னால். ஆனால் தென்மாநில முகாமின் கொடுமையை எல்லோரும் பேசுகிறார்கள், வென்றவர்களின் முகாமும் சொர்க்கம் இல்லை என்று காட்ட விரும்பினார் லியோனி. அதற்கு எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெயர் வேண்டியிருந்தது. கடைசிக் கல்லறையும் இதே டப்பாதான். குளோரியட்டா சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்துச் செத்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். படத்தின் சாட் ஹில் கல்லறையில் ஐயாயிரத்துக்கும் மேல் மண்மேடுகள், வட்ட வட்டமாக, ஸ்பெயின் ராணுவ வீரர்களைக் கொண்டு போட்டவை. நடுவில் டூக்கோ பைத்தியம் மாதிரி ஓடுகிறான். நூறு கல்லறை போட்டிருந்தால் அவன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பான்.

படி 10: உங்கள் பட்டியலை நீங்களே அடித்துப் பாருங்கள்

ஒவ்வொரு பதிவிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்தப் பதிப்பு, எத்தனையாவது நிமிடம், திரையில் என்ன தெரிகிறது, ஏன் அது பொருந்தாது. கடைசிக்கு ஒரு ஆதாரமாவது வேண்டும். ‘எனக்கென்னவோ நவீனமாகத் தெரிகிறது’ என்பது ஆதாரமல்ல. துப்பாக்கியில் பொருத்திய நீளத் தொலைநோக்கியைப் பார்த்ததும் பலர் பிழை என்று துள்ளுவார்கள், ஆனால் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் வில்லியம் மால்கம் 1855-லேயே அதைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் ஒரு வாரம் ஆறப்போட்டுவிட்டுத் திரும்ப வாருங்கள். சில வரிகள் தானாகவே விழுந்துவிடும்.

என் நோட்டில் விழுந்தது ஒன்றைச் சொல்கிறேன். லியோனி படத்தின் கடைசி மும்முனைச் சண்டையில், துப்பாக்கியை நோக்கி நகரும் வில்லன் ஏஞ்சல் ஐஸின் கையைக் கிட்டத்தில் காட்டுவார்கள். வலது நடுவிரலின் நுனி இருக்காது. ‘வேறு யாருடைய கையையோ வைத்து எடுத்திருக்கிறார்கள், மாட்டிக்கொண்டார்கள்’ என்று பெருமையாக எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். அது லீ வான் கிளீஃபின் சொந்தக் கைதான். மகளுக்கு விளையாட்டு வீடு கட்டிக்கொடுத்தபோது போன விரல்நுனி அது.